பாதியில் நின்ற பெயர்

எலந்தைமடைக்குப் புதிதாக ஒருவரும் வந்து சேராத வருஷம் என்று ஒன்று இருந்தது. மழை வராத வருஷத்தைப் பார்த்திருக்கிறோம், வருகிறேன் என்று சொல்லிவிட்டு மந்திரி வராத வருஷங்களைப் பல தடவை பார்த்திருக்கிறோம், ஆனால் பிறக்கவேண்டிய குழந்தை பிறக்காமல், வாழவந்த பெண் வாசலுக்கு வராமல், மாற்றலாகி வந்த உத்தியோகஸ்தர் பஸ்ஸைவிட்டு இறங்காமல் போன வருஷம் அது ஒன்றுதான். அதற்குக் காரணம் பேரூராட்சி அலுவலகத்துக் கம்ப்யூட்டர் என்பார்கள் சிலர், அதை இயக்கிய பாண்டீஸ்வரி என்பார்கள் சிலர், அவள் புருஷன் சீனிராஜ் என்பார்கள் சிலர். நான் அதே அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுகிறவன், பாண்டீஸ்வரிக்கு அடுத்த மேஜை, எனக்குத் தெரிந்து மூன்றும் ஒரே காரணம்தான்.

முதலில் கம்ப்யூட்டரைச் சொல்லிவிடுகிறேன். அது படம் காட்டாத கம்ப்யூட்டர். கருப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு கண்சிமிட்டிக்கொண்டிருக்கும், அதற்குப் பக்கத்தில் கட்டளையைத் தட்டினால் வரிவரியாகப் பதில் சொல்லும், ஓர் எழுத்து தப்பினாலும் தெரியாது போ என்றுவிடும். பாண்டீஸ்வரி பதினோரு நாள் விருதுநகருக்குப் பயிற்சிக்குப் போய் அந்தக் கட்டளைகளை ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதி வந்திருந்தாள். ஆனி மாதம் ஒரு புதன்கிழமை பிரிண்டர் ஓடாமல் போனபோது, அவள் நோட்டைப் பார்த்து, இந்த மெஷினில் என்னென்ன மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறது என்று பட்டியல் கேட்டாள். பட்டியல் வந்தது. பிரிண்டருக்கான மென்பொருள் இருந்தது, அதற்கும் தமிழ் எழுத்துருவுக்கும் நடுவில் அங்கன்வாடி டீச்சர் லீலாவதி இருந்தார், கொஞ்சம் தள்ளி நான் இருந்தேன், ஊரில் குடியிருந்த நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒருவர் விடாமல் இருந்தார்கள். பாண்டீஸ்வரி மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வயரைப் பாருங்கள் என்றாள். வயர்தான் கழன்றிருந்தது.

இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஆட்கள் ஜன்னலோரம் வந்து நின்று தங்கள் பெயரைக் காட்டச் சொன்னார்கள். பெயருக்கு முன்னால் இரண்டு சிறு கோடு நின்றால் ஆள் ஊரில் ஒழுங்காக இருக்கிறார் என்று பொருள், பதிப்பு எண் என்ற இடத்தில் வயது நின்றது, அதைப் பார்த்துச் சிலபேர் திரையோடு சண்டை போட்டார்கள். இன்னாருக்கு யார் தேவை என்று கேட்கிற கட்டளை ஒன்றும் இருந்தது, அதுதான் வம்பாகப் போயிற்று. செயல் அலுவலர் இன்பசேகரனுக்கு யார் தேவை என்று கேட்டபோது அவர் மனைவி பெயர் வராமல் டீக்கடை பெருமாள் பெயர் வந்தது. அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை, மூன்று வேளையும் பெருமாள் கடையில்தான் சாப்பிட்டார், அப்படியாக மெஷின் சொன்னது மெய்யாகவும் ஆயிற்று. செத்தவர் பெயரும் ஊரைவிட்டுப் போனவர் பெயரும் தானாக அழியும், பிறந்த பிள்ளைக்கும் வாழவந்த பெண்ணுக்கும் தானாக ஒரு வரி சேரும். ஒரு மாதத்துக்குள் இதெல்லாம் ரேஷன் கார்டு மாதிரி எங்களுக்குப் பழகிப்போயிற்று.

சீனிராஜ் எங்கள் ஊரின் தெருவிளக்குக்காரர். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார், பல்பு மாட்டி இறங்கியதும் கன்றுக்குட்டியைத் தட்டுகிற மாதிரி கம்பத்தை இரண்டு தட்டுத் தட்டுவார், பெருமாள் கடையில் அரைச்சீனி டீ குடிப்பார், குடித்த கையோடு ஒரு வடையைக் காகிதத்தில் சுற்றி எங்கள் அலுவலக ஜன்னலில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். அந்த வடையில் எனக்குப் பாதி வரும் என்பதால் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். விளக்கையெல்லாம் மாற்றி வெளியூர்க் கம்பெனியிடம் கொடுத்ததும் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று, சூரத்தில் ஒரு மில்லில் கூப்பிட்டார்கள், ஆவணியில் கிளம்பினார். போகவேண்டாம் என்று பாண்டீஸ்வரி சொல்லிப் பார்த்தாள், பிறகு மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். கிளம்புகிற காலையில் அவர் வாசலில் நின்று வாரேன் என்றபோது, சரி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து ஒருவர் தூரதேசம் கிளம்பினால், போய்ச் சேர்ந்தேன் என்று அவரிடமிருந்து சேதி வரும்வரை வீட்டைக் கூட்டக்கூடாது, கூட்டினால் போனவரையே கூட்டித் தள்ளினதாகும். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்று சொன்ன சீனிராஜிடமிருந்து போன் வரவில்லை. மில்லில் கேட்டால் அப்படி ஓர் ஆள் வரவே இல்லை என்றார்கள். பாண்டீஸ்வரி போலீசில் எழுதிக்கொடுத்தாள், பேப்பரில் போட்டோ போட்டாள், வீட்டை மட்டும் கூட்டவில்லை. கரிசல் புழுதி தரையில் விரல்கடை உயரம் படிந்தது, அதில் கட்டிலிலிருந்து வாசல்வரை அவர் பாதத்தின் தடம் ஏழு மட்டும் மூடாமல் இருந்தது. அவள் சுவரோரமாகவே நடந்து சமைத்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். பார்க்கப் போகிற நாங்களும் சுவரோரமாகவே நடந்தோம்.

அந்த ஆவணியிலிருந்துதான் ஆள் வருவது நின்றது. போகிறவர்கள் போனார்கள், வருகிறவர்கள் வரவில்லை. கொத்தனார் மகனுக்குச் சாத்தூரில் கல்யாணம் முடிந்து வேன் நிறைய ஆட்கள் திரும்பினார்கள், ஊர் எல்லையிலிருந்த ஆர்ச் தாண்டியதும் பார்த்தால் மாப்பிள்ளை பக்கத்தில் மாலை மட்டும் இருந்தது. பெண் ஆர்ச்சுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அங்கேயே ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொடுத்து, மாப்பிள்ளை தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு போய்வந்தான், மூன்று மாதத்தில் அங்கே அப்படி ஆறு கொட்டகை ஆயிற்று, பூக்காரிகூட அங்கே ஒரு நடை போய்வர ஆரம்பித்தாள். கர்ப்பிணிகளுக்குப் பத்து மாதம் முடிந்தது, வலி எடுக்கவில்லை. பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று, நர்ஸம்மா எஸ்தர் தன் பதிவேட்டில் ஸ்கேலை வைத்துப் புதிதாகக் கட்டம் போட்டார், பெரிய ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, பிள்ளை சௌக்கியம், அதற்கு வர மனசில்லை என்றார்கள். ஒருதடவை வளைகாப்பு போட்டவர்களுக்கு இரண்டாந்தடவை போட்டோம், அப்புறம் மூன்றாந்தடவை, முழங்கைவரை வளையலோடு அவர்கள் தெருவில் நடந்தால் கோயில் தேர் வருகிற சத்தம் கேட்கும். உள்ளே இருந்த பிள்ளைகளோ சும்மா இருக்கவில்லை. அம்மாக்கள் பால்காரரோடு பேரம் பேசினால் உள்ளேயிருந்து உதைத்தன, பாட்டுக் கேட்டால் அடங்கின. என் பதிவேட்டில் பிறப்புப் பக்கம் ஒன்பது மாதம் வெள்ளையாகவே கிடந்தது.

வைகாசியில், முப்பத்தேழு பெண்கள் அப்படிக் காத்திருந்தபோது, இன்பசேகரன் ஒருநாள் காலையில் வந்ததும் வராததுமாகப் பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டு, ஊர்ப் பட்டியல் அந்த மெஷினில்தானே இருக்கிறது, கோளாறு என்னவென்று பார்த்துவிடு என்றார். ஒன்பது மாதமாக அவள் கோளாறு பார்க்கிற கட்டளையை மட்டும் தட்டாமல் இருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டைப் பார்க்காமலே தட்டினாள். உடைந்தது ஏதாவது உண்டா என்பது கேள்வி. ஒரே ஒரு பெயர் வந்தது. அதற்கு முன்னால் இரண்டு கோடு இல்லை, ஒரு கோடும் ஓர் ஆச்சரியக்குறியும் இருந்தன. இன்பசேகரன் வாசித்துச் சொல்லச் சொன்னார். சீனிராஜ், நீக்கும் வேலை பாதியில் நின்றுவிட்டது, மிக மோசமான நிலை, இதைச் சரிசெய்யாமல் புதிதாக எதையும் நிறுவ முடியாது என்று அவள் வாசித்தாள்.

பாதியில் எப்படி நின்றது என்று அவர் கேட்டார்.

"நான்தான் சார் பிளக்கப் புடுங்குனேன்," என்றாள் பாண்டீஸ்வரி. "அவுக பஸ் ஏறி அரைமணி நேரம் இருக்கும். அவுக பேரு தானா அழிஞ்சுக்கிட்டு வந்துச்சு. பாத்துக்கிட்டு இருக்க முடியல."

அவளைத் திட்டுவதற்கு அங்கே யாருக்கும் மனசு வரவில்லை. எந்தப் பெண்டாட்டி புடுங்காமல் இருப்பாள் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் விஷயம் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றது. இதற்கு இரண்டு வழிதான் இருப்பதாக அவள் சொன்னாள். ஒன்று, அவரைத் தேடிப்பிடித்து மறுபடி முழுசாக நிறுவவேண்டும். முடியாவிட்டால், மிச்சம் மீதி அமைப்புகளோடு சேர்த்துச் சுத்தமாக அழிக்கவேண்டும்.

முதல் வழியை அன்றைக்கே பார்த்தாள். மறுபடி நிறுவு என்று தட்டியதும் மெஷின் தனக்குத் தெரிந்த ஊர்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது. சூரத் என்று ஒரு வரி வரும், ஊர்ந்து ஊர்ந்து நூறு சதவீதம் ஆகும், இல்லை என்று வரும். பிவண்டி, திருப்பூர், ஷார்ஜா, கடைசியாக நாங்கள் கேள்விப்பட்டேயிராத ஒரு தீவு. அலுவலகத்துக்கு உள்ளும் வெளியிலும் ஊரே நின்றது, வரி ஊரும்போது மூச்சைப் பிடிப்பதும் இல்லை என்றதும் விடுவதுமாக மத்தியானம் ஆயிற்று. எந்த ஊரிலும் இல்லை. செத்துப்போயிருந்தால் பெயர் முழுசாக அழிந்திருக்கும், அது நிற்கிறது என்றால் ஆள் இருக்கிறார், ஆனால் எங்கேயும் இல்லை. அப்படி ஒரு மனுஷன் எங்கே இருக்க முடியும் என்று எங்களுக்குப் புரியவில்லை. பாண்டீஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு மறுபடி பார்க்கிறேன் என்றாள். பார்த்தாள். அதற்கு அடுத்த நாளும் பார்த்தாள். இரண்டாவது வழியைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

பேச வந்தவள் செண்பகாதேவி. சீனிராஜின் கூடப்பிறந்த தங்கை, பதினாலாம் மாதம். இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியேறி, வளையல் சத்தத்தோடு பாண்டீஸ்வரிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அண்ணன் போனதிலிருந்து அவருக்கென்று வீட்டில் ஒரு தட்டு கூடுதலாகக் கழுவி வைத்து எடுத்து வைத்து அலுத்துப் போயிற்று என்றாள், இந்தப் பிள்ளை உள்ளே இருந்துகொண்டு தும்முகிறது, தும்மினால் யார் இதற்கு ஆயுசு நூறு என்று சொல்வது என்றாள்.

"அவுகள அழிக்கச் சொல்லுதியா, செண்பகம்?" என்று பாண்டீஸ்வரி கேட்டாள். "நீயா?"

"எங்க அண்ணன் தாய்மாமன் ஆகணும்னாலும் மொதல்ல இது வெளிய வரணும், மதினி," என்றாள் செண்பகாதேவி. "நீங்க புடிச்சு வச்சிருக்கது பாதி ஆளு. மீதிப் பாதி எங்க கெடந்து அல்லாடுதோ."

பாண்டீஸ்வரி அழாமல் திரும்பி உட்கார்ந்தாள், சுத்தமாக அழி என்கிற கட்டளையைத் தட்டினாள். மெஷின் உடனே செய்துவிடவில்லை, என்னென்ன போகும் என்று முதலில் காட்டியது. ஊர் அவருக்கென்று வைத்திருந்ததும் அவர் ஊருக்கென்று வைத்திருந்ததும் போகும் என்றது. பெருமாள் கடையில் அரைச்சீனி, கட்டிலில் வலதுபக்கம், நானூற்று எட்டு கம்பங்களிலும் கை பட்ட இடம், வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் தூக்கித் தள்ளுகிற பக்குவம், பாண்டீஸ்வரிக்குத் தலைவலி வந்தால் கேட்காமலே விளக்கை அணைக்கிறது, எலந்தைமடைக்குத் திரும்பி வருகிற வழி. இரண்டு பெண்களும் சேர்ந்து கடைசிவரை வாசித்தார்கள். சில வரிகளில் ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி இது எனக்குத் தெரியாதே என்றாள். கடைசியில் மெஷின், நீங்கள் அழிக்கப்போவது இன்றியமையாதது, என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்கிறீர்கள் என்றால் கீழேயுள்ள வாக்கியத்தைப் பிசகாமல் தட்டுங்கள் என்றது. ஆமாம், நான் சொல்கிறபடி செய் என்பதுதான் அந்த வாக்கியம். கல்யாணமான பதிமூன்று வருஷத்தில் புருஷனைப் பற்றி அப்படி ஒரு வாக்கியத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித்தேடித் தட்டினாள், அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தட்டவரும் என்பது எனக்குத் தெரியும்.

செண்பகாதேவிக்கு நாற்காலியிலிருந்து எழுவதற்குள் வலி எடுத்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் முப்பத்தேழு பிள்ளைகளும் பிறந்தன, பாதிப்பேருக்குப் பல் இருந்தது, ஒன்று பிறந்ததும் நர்ஸம்மாவை அடையாளம் தெரிந்தாற்போலச் சிரித்தது. ஆர்ச்சுக்கு அந்தப் பக்கமிருந்த பெண்கள் கொட்டகையைக் காலிசெய்துகொண்டு ஊருக்குள் நடந்து வந்தார்கள். எனக்கு எழுதி எழுதிக் கை வீங்கிற்று. பாண்டீஸ்வரி வீட்டுக்குப் போனபோது தரை பளிங்காக இருந்ததாம், ஒரு தூசி இல்லை, ஒரு தடம் இல்லை. பெருமாளிடம் அரைச்சீனி டீ கேட்டுப் பார்த்தேன், அளவு கைக்கு வரவில்லை என்று மூன்றுதடவை கொட்டினார். எங்களுக்கு நினைவு இருந்தது, அது எங்கள் பங்கு, அவர் பங்கில் இருந்தது எல்லாம் போய்விட்டது. பாண்டீஸ்வரிக்கு ஏக்கம் மட்டும் துளியும் குறையவில்லை, ஏனென்றால் அது அவள் பெயரில் இருந்தது.

மறுநாள் ஒரு கால்நடை டாக்டர், ஃபெலிக்ஸ் என்று பெயர், வேலையில் சேர வந்தார். ஏழு மாதமாகத் தினமும் கோவில்பட்டியில் நாலு மணி பஸ் ஏறுவாராம், எலந்தைமடையில் இறங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருப்பாராம், கண்முழித்தால் விளாத்திகுளம் வந்திருக்குமாம். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தன்னைப்போலவே இறங்க முடியாத இன்னொருவர் கடைசி சீட்டில் இருப்பதாகவும், தான் ஏறத் தொடங்குவதற்கு முன்பிருந்தே அவர் அந்த பஸ்ஸில் இருப்பதாகவும், உங்கள் ஊர்க்காரர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தும் ஒருவர்கூட அவரை ஏறிட்டுப் பார்க்காததுதான் ஆச்சரியம் என்றும் சொன்னார்.

"சீனிராஜ்னு பேரு," என்றார் டாக்டர். "சூரத்துக்குக் கெளம்புனாராம், கோவில்பட்டியே வந்து சேரலியாம். சரி, வீட்டுக்காவது திரும்பலாம்னா ஊரும் வரலியாம். எம்பொண்டாட்டி எதையோ புடிச்சு நிறுத்திவச்சிருக்கா, கோவம் தீந்ததும் விட்டுருவான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நேத்து நான் எறங்கும்போது, வாங்க, ஊரு வந்துருச்சுன்னு கையப் புடிச்சேன். எந்த ஊருன்னு கேட்டாரு."

பாண்டீஸ்வரி டாக்டரின் மாற்றல் உத்தரவை வாங்கிச் சரிபார்த்தாள், முத்திரை வைத்தாள், இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, அண்ணாச்சி, நான் ஒருநாள் பொறுத்திருக்கலாமோ என்று கேட்டாள். பொறுத்திருந்தாலும் அவர் இறங்கியிருக்க முடியாது என்று நான் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை.

அன்றிலிருந்து பாண்டீஸ்வரி சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாள். பாதி ஆள் முழு வெளியூர்க்காரராகிவிட்டதால் இப்போது எல்லோர் கண்ணுக்கும் அவர் தெரிந்தார், கடைசி சீட்டில் ஜன்னலோரம், மடியில் மஞ்சள் பை, கொஞ்சம் இளைத்திருந்தார். பஸ் இரண்டு நிமிஷம் நிற்கும். நிற்கிற கூட்டத்தை எல்லோரும் பார்ப்பதுபோல அவளையும் பார்ப்பார், பஸ் போய்விடும். ஊர் கூடி ஒரு முடிவு செய்தோம், யாரும் அவரைப் பெயர்சொல்லிக் கூப்பிடக்கூடாது, அழக்கூடாது, முன்பின் தெரியாத ஊரில் தன் பெயரைச் சொல்லி நாலுபேர் அழுதால் எந்த மனுஷன் இறங்குவான். செண்பகாதேவி மட்டும் ஒருநாள் பிள்ளையைத் தூக்கிவந்து ஜன்னலுக்கு நேராகக் காட்டினாள். அவர் பிள்ளையைப் பார்த்து நாக்கைத் துருத்தினார், பிள்ளையும் துருத்தியது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஒன்பதாவது நாள் பஸ் வந்து நின்றதும் அவர் தலையை வெளியே நீட்டினார். நாங்கள் டீக்கடையில் பேப்பர் படிப்பதாகவும் வெற்றிலை மடிப்பதாகவும் நின்றோம்.

"இது என்ன ஊருங்க?" என்று பாண்டீஸ்வரியிடம் கேட்டார்.

"எலந்தைமடை," என்றாள்.

அவர் அந்தப் பெயரை உதட்டுக்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்தார். அதில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"தெனமும் நிக்கிறீங்க. யாராச்சும் வரணுமோ?"

"ஆமா," என்றாள் பாண்டீஸ்வரி. "எங்க ஊருக்குப் புதுசா யார் வந்தாலும் நல்லதுதான். நீங்க எறங்குனாலும் சரி."

அவர் முன்னால் இருந்த சாலையைப் பார்த்தார், திரும்பி அவளைப் பார்த்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார்.

"எனக்கு இங்க யாரையும் தெரியாதே," என்றார்.

"எனக்கும் கல்யாணமாகி வந்தப்ப தெரியாது," என்றாள் அவள். "வாங்க."

அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார்.